கோல் விழுந்தால் அவன், விழாவிட்டால் யாரும் இல்லை

நம் ஹாக்கி ரசிகர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரணி கோல் போட்டதும் பந்துக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்ப்பார்கள். யார் நிற்கிறாரோ அவர்தான் குற்றவாளி. விசாரணை கிடையாது, வாய்தா கிடையாது, நேராகத் தீர்ப்புதான். அதிலும் அவர் அணியின் முதல் தர டிஃபென்டராக இருந்துவிட்டால் தீர்ப்பு இன்னும் கடுமையாக இருக்கும். "இத்தனை வருஷம் ஆடி என்ன பிரயோஜனம்? இவனை யாருய்யா டீம்ல வெச்சிருக்கறது?"

இது நியாயமா என்பதுதான் இந்தப் பதிவு. நியாயமில்லை என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள் கடைசி வரை படித்துவிட்டு சண்டைக்கு வரலாம்.

ஹாக்கியைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். பி.காம். படித்தவன், வங்கியில் கையெழுத்துப் போட்டுக் கொண்டிருப்பவன். ஆனால் பிறந்தது கோவில்பட்டி, இப்போது பிழைப்பது ரூர்கேலா. இரண்டுமே ஹாக்கி ஊர். கோவில்பட்டியைக் கடலைமிட்டாய்க்காக மட்டும் தெரிந்து வைத்திருப்பவர்களுக்கு: எங்கள் ஊரில் லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டிக்கு வடக்கே இருந்தெல்லாம் அணிகள் வரும். கேலரியில் உட்கார்ந்திருக்கும் தீப்பெட்டி ஆபீஸ் தொழிலாளி, அம்பயருக்கு முன்னால் ஃபவுல் சொல்வார். ரூர்கேலா இருக்கும் சுந்தர்கர் மாவட்டமோ அதற்கும் மேலே. இங்கே கிராமத்துப் போட்டிகளில் பரிசு ஆட்டுக்கிடா. ஜெயித்த அணி கோப்பையைத் தூக்கிக் காட்டுவதில்லை, கிடாவைத் தூக்கிக் கொண்டு போகிறார்கள். ராத்திரிக்குள் பரிசு காலி!

இந்த மாவட்டம் டிஃபென்டர்களை விளைவிக்கும் பூமி. திலீப் திர்கி, லாசரஸ் பர்லா, பிரேந்திர லக்ரா, அமித் ரோகிதாஸ், பெண்கள் அணியில் சுனிதா லக்ரா, தீப் கிரேஸ் எக்கா என்று பின்வரிசைக்காரர்களாகவே வந்து கொண்டிருக்கிறார்கள். திலீப் திர்கியும் ரோகிதாஸும் ஒரே ஊர், சௌனாமாரா. அவர்களுக்கு முன்னால் மைக்கேல் கிண்டோ. 1972 மியூனிக் வெண்கலம், 1975 உலகக் கோப்பை இரண்டிலும் இருந்த ஃபுல்பேக். 2020-ஆம் வருடம் கடைசி நாளில் இதே ரூர்கேலாவில்தான் காலமானார். இங்கே டீக்கடையில் உட்கார்ந்தால் ஃபார்வர்டைவிட ஃபுல்பேக்கைப் பற்றித்தான் அதிகம் பேச்சு நடக்கும். தமிழ்நாட்டில் நாம் தன்ராஜ் பிள்ளையைப் பேசுவோம், பாஸ்கரனைப் பேசுவோம். ஃபுல்பேக் பெயர் ஒன்று சொல்லுங்கள் என்றால் விழிப்போம். நான் என்ன, நானும் இங்கே வந்த பிறகுதான் மைதானத்தின் அந்தப் பாதியைப் பார்க்கக் கற்றுக் கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

2023 ஜனவரி உலகக் கோப்பை புவனேஸ்வரிலும் ரூர்கேலாவிலும் நடந்தது. எங்கள் ஊரில் பிர்சா முண்டா ஸ்டேடியம் புதிதாகத் திறந்த நேரம், இருபதாயிரம் பேர் உட்காரலாம். டிக்கெட்டுக்கு நடந்த அடிதடியை எழுதினால் தனிப்பதிவு ஆகிவிடும். முதல் ஆட்டம் ஸ்பெயினுடன், 2-0 என்று ஜெயித்தோம். முதல் கோல் நம்ம ரோகிதாஸ். மண்ணின் மைந்தன் சொந்த மண்ணில் கோல் போட்டால் எப்படி இருக்கும்? காது இரண்டு நாளைக்கு அடைத்தே இருந்தது. அடுத்து இங்கிலாந்துடன் 0-0. ஆக இரண்டு ஆட்டம், 120 நிமிடம், ஒரு கோல்கூட விடவில்லை. அந்த இரண்டு ஆட்டத்துக்கும் பிறகு டிஃபென்ஸைப் பாராட்டி ஒரு வார்த்தை பேசினவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். "இங்கிலாந்தோட கோல் போட முடியலையே" என்ற புலம்பல்தான் கேட்டது. ஹர்திக் சிங்குக்குக் காயம் பட்டதே என்ற கவலை வேறு. வேல்ஸை 4-2 என்று ஜெயித்தோம், ஆனால் அந்த வித்தியாசம் பத்தாமல் நேராகக் கால் இறுதிக்குப் போக முடியவில்லை. ஜனவரி 22 நியூசிலாந்து ஆட்டத்தில் 2-0, 3-1 என்று முன்னே போய், 3-3 ஆகி, ஷூட்-அவுட்டில் 4-5 என்று தோற்றோம்.

அன்று ராத்திரி எங்கள் குடியிருப்பில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வீட்டில் பார்த்தோம். ஆட்டம் முடிந்ததும் உருக்காலையில் வேலை பார்க்கும் சேலத்து நண்பர் சொன்னது: "என்ன சார் இது, ஹர்மன்பிரீத் எல்லாம் ஒரு கேப்டனா? கார்னரும் போட மாட்டேங்கறான், பின்னாடியும் விடறான்." அவர் ஒருவர் இல்லை, அந்த வாரம் நாடே அதைத்தான் சொல்லிக் கொண்டிருந்தது.

இந்த ஒரு வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். "கார்னரும், பின்னாடியும்." அதாவது ஒரே ஆளுக்கு இரண்டு வேலை. உலகத்தில் முக்கால்வாசி அணிகளில் பெனால்டி கார்னரை ட்ராக் ஃப்ளிக் செய்பவர் டிஃபென்டர்தான். எதிரணி ஃபார்வர்டுகளை நிறுத்திவிட்டு, அப்படியே எழுபது மீட்டர் ஓடி வந்து, மூச்சு வாங்குவதற்குள் பந்தைக் குச்சியில் இழுத்து, நாலு பேர் பாய்ந்து வரும்போது, கோல்கீப்பருக்கு எட்டாத மூலையைப் பார்த்துச் சுண்ட வேண்டும். உலகின் மிகச் சிறந்த ஃப்ளிக்கர்களே மூன்றில் ஒன்றை உள்ளே போட்டால் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம். மீதி இரண்டு? அது நம் ரசிகர் கணக்கில் "வீண் அடித்தான்".

கணக்குப் பதிவியல் படித்தவன் என்பதால் சொல்கிறேன், இதில் பற்று மட்டும் எழுதுகிறோம், வரவு எழுதும் பக்கமே கிடையாது. ஃபார்வர்டுக்கு ஒரு கோல் வரவு. அவன் அடிக்காமல் விட்ட நாலு வாய்ப்பு பேரேட்டில் ஏறுவதே இல்லை. கோல்கீப்பர் தடுத்தால் 'சேவ்' என்று ஸ்கோர் போர்டுக்காரர்களே எண்ணித் தருகிறார்கள். டிஃபென்டர் முன்னாலேயே போய் நின்று, பாஸ் போகும் வழியை அடைத்து, எதிராளி வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டால்? அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. நடக்காத ஒன்றை எந்தப் பக்கத்தில் எழுதுவது? நல்ல டிஃபென்டரின் வேலை பெரும்பாலும் இந்த 'ஒன்றுமே நடக்கவில்லை'தான்.

எங்கள் கிளையில் ஒரு காசாளர் இருந்தார். உள்ளூர்க்காரர், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தவர், இளம் வயதில் ஃபுல்பேக். முழங்காலுக்குக் கீழே எலும்பு மேல் ஒரு தழும்பு, கட்டை விரல் அகலத்துக்கு. பெனால்டி கார்னரில் முதலில் பாய்ந்து போகிறவர் அவர்தானாம். ஒருநாள் மாலை கேஷ் க்ளோஸ் பண்ணும்போது பேச்சுவாக்கில் கேட்டேன், மொத்தம் எத்தனை கார்னர் தடுத்திருப்பீர்கள் என்று. நோட்டுக்கட்டிலிருந்து தலை நிமிராமலே சொன்னார்: "சார், தடுத்தது யாரும் எண்ணலை, எனக்கும் தெரியாது. கடைசி சீசன்ல விட்டது ஏழு. அந்த ஏழும் இன்னிக்கும் கண்ணுல நிக்குது."

கேஷ் கவுண்டரும் அப்படித்தானே. வருடம் முழுக்க சாயங்காலம் கணக்கு டேலி ஆனால் யாரும் வந்து கை கொடுப்பதில்லை. ஒருநாள் ஐந்நூறு ரூபாய் குறைந்தால் கிளையே அவர் மேஜையைச் சுற்றி நிற்கும். கடன் பிரிவில் இருப்பவர்களைக் கேளுங்கள். நூறு கடன் ஒழுங்காகத் திரும்பி வந்தால் அது வங்கியின் லாபம். ஒன்று வாராக்கடன் ஆனால் அதைச் சாங்ஷன் பண்ணினது யார் என்று ஃபைலைப் புரட்டுவார்கள். மழை பொய்த்ததா, கம்பெனி முதலாளி ஓடிப் போனானா, மேலிடத்து டார்கெட் எவ்வளவு என்பதெல்லாம் பிறகு. கடைசிக் கையெழுத்து யாருடையதோ அவர்தான் கோலுக்குப் பக்கத்தில் நின்றவர்.

ஹாக்கியில் கோல் விழும் விதத்தைப் பின்னால் இருந்து பார்த்தால் இது புரியும். பெரும்பாலான கோல்கள் அந்தப் பாதியில் ஆரம்பிப்பதில்லை. நம் ஃபார்வர்டு எதிரணி வட்டத்துக்கு முன்னால் ஒருவரைத் தாண்டுகிறேன் என்று பந்தை இழப்பார். நடுவரிசையில் இரண்டு பேர் முன்னே போயிருப்பார்கள், திரும்பி ஓட நேரம் இருக்காது. இரண்டே பாஸ். மூன்று பேர் ஓடி வருகிறார்கள், எதிரே நிற்பது நம் டிஃபென்டர் ஒருவர். இடது பக்கம் போனால் வலது பக்கம் பாஸ், வலது போனால் இடது. காலில் பட்டால் பெனால்டி கார்னர். குச்சியை நீட்டி ஆளைத் தட்டினால் பச்சை அட்டை, மஞ்சள் அட்டை. எதைச் செய்தாலும் தப்பு, எதையும் செய்யாவிட்டால் கோல். டிவி ரீப்ளே எங்கே ஆரம்பிக்கும்? டிஃபென்டர் ஏமாந்த அந்தக் கடைசி மூன்று வினாடியில்தான். பந்தை முதலில் இழந்த மகானுபாவர் அந்தப் படத்தில் இருக்கவே மாட்டார்.

பெனால்டி கார்னர் இன்னும் மோசம். கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்குப் போக வேண்டும். பந்தை 'ஹிட்' அடித்தால் 460 மில்லி மீட்டர் பலகை உயரத்துக்குள் கோலைத் தாண்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. ட்ராக் ஃப்ளிக்குக்கு அந்த வரம்பு கிடையாது, முகத்துக்கும் வரும், நெஞ்சுக்கும் வரும். வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். அந்தப் பந்தை நோக்கி ஓடுகிறவர் பெயர் ஃபர்ஸ்ட் ரஷர். நம் வீட்டில் பல்லி விழுந்தால் பின்னால் நகர்கிறோம், அவர் அதை நோக்கி ஓடுகிறார்.

டோக்கியோ ஒலிம்பிக்ஸில் (2020 என்று பெயர், நடந்தது 2021) அந்த வேலையைச் செய்தவர் ரோகிதாஸ். 41 வருடம் கழித்து வந்த வெண்கலம், ஜெர்மனியை 5-4. கடைசி சில வினாடியில் ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர், ஸ்ரீஜேஷ் தடுத்தார், கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்த அந்தப் படம் எல்லோர் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. ஸ்ரீஜேஷுக்கு எத்தனை பாராட்டு கொடுத்தாலும் தகும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தொடர் முழுக்க ஃப்ளிக்கரின் கண் முன்னால் போய் விழுந்து கோணத்தைக் குறைத்த ஆளின் படம் எத்தனை பேரிடம் இருக்கிறது?

அதே அணிதான் அதே டோக்கியோவில் ஆஸ்திரேலியாவிடம் 1-7 என்று தோற்றது. அன்று சாயங்காலம் டிஃபென்ஸைப் பற்றிப் பேசியதை இங்கே எழுத முடியாது. அரையிறுதியில் பெல்ஜியத்திடம் 2-5. ஹெண்ட்ரிக்ஸ் மூன்று கோல். அத்தனை பெனால்டி கார்னர்களை ஏன் கொடுத்தார்கள் என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வட்டத்துக்குள் எதிராளி அத்தனை முறை எப்படி வந்தான் என்பதும் கேள்விதானே? அதை நடுவரிசையிடம் யாரும் கேட்கவில்லை.

இனி பாரிஸ், 2024. ஆகஸ்ட் 4, பிரிட்டனுடன் கால் இறுதி. 17-வது நிமிடத்தில் ரோகிதாஸின் குச்சி எதிராளி தலையில் பட்டது, சிவப்பு அட்டை. மீதி 43 நிமிடம் பத்து பேரோடு ஆடி, 1-1, ஷூட்-அவுட்டில் 4-2 என்று ஜெயித்தோம். இந்திய ஹாக்கியின் மிகப் பெரிய ஆட்டங்களில் ஒன்று.

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். அன்று ஜெயித்ததும் நாடு முழுக்க ஒரே குரல்: "ரோகிதாஸுக்கு அநியாயம், வேண்டுமென்று செய்யவில்லை, அம்பயர் மோசம்." எனக்கும் அது கடுமையான தீர்ப்பாகத்தான் பட்டது. ஆனால் ஷூட்-அவுட்டில் ஸ்ரீஜேஷ் தடுக்காமல் விட்டிருந்தால்? அதே குச்சி, அதே தலை, அதே அட்டை. மறுநாள் ரோகிதாஸ் 'பொறுப்பில்லாமல் ஆடி ஒலிம்பிக்கைத் தொலைத்தவர்' ஆகியிருப்பார். அவர் செய்த காரியத்துக்கும் நாம் கொடுக்கும் பட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றால் அதை விமர்சனம் என்று எப்படிச் சொல்வது? லாட்டரிச் சீட்டு என்று சொல்லலாம்.

தடையால் அரையிறுதியில் அவர் இல்லை. ஜெர்மனியிடம் 2-3. முதல் கோலே பெனால்டி கார்னரில் பெய்லாட் போட்டது. ரோகிதாஸ் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படியெல்லாம் ஹாக்கியில் கணக்குப் போட முடியாது. ஆனால் அன்று டிவியில் பேசியவர்கள், வீட்டில் பேசியவர்கள், எங்கள் சேலத்து நண்பர் உட்பட, திரும்பத் திரும்பச் சொன்ன வாக்கியம் "ரஷர் இல்லையே சார்" என்பது. ஒரு டிஃபென்டரின் அருமை அவன் மைதானத்தில் இல்லாத நாளில்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. வீட்டில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த அன்று தெரிவது போல.

அதே பாரிஸில் ஹர்மன்பிரீத் 10 கோல், ஒலிம்பிக்கிலேயே அதிகம். ஆஸ்திரேலியாவை 3-2 என்று ஜெயித்தோமே, 1972-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் அவர்களை முதல் முறை, அதில் இரண்டு அவருடையது. வெண்கலத்துக்கான ஸ்பெயின் ஆட்டத்தில் இரண்டு கோலும் அவருடையது. ஒன்றரை வருடத்துக்கு முன் "இவனெல்லாம் கேப்டனா" என்று கேட்கப்பட்ட அதே மனிதர். நடுவில் 2023 ஆகஸ்டில் நம் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி, இறுதியில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கி 4-3 என்று ஜெயித்தது. அதே அக்டோபரில் ஹாங்சோவில் ஆசியப் போட்டித் தங்கம். அணித்தலைவரை மாற்றிவிட வேண்டும் என்று அந்த ஜனவரியில் கத்தியவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால்?

எதிர்க்கட்சிக்கும் கொஞ்சம் நேரம் தர வேண்டும். கடைசி நிமிட கோல் என்பது நம் அணிக்குப் பரம்பரை வியாதி. 2000 சிட்னியில் போலந்து கடைசி நேரத்தில் போட்ட ஒரு கோலால் அரையிறுதியே போயிற்று. 2016 ரியோவில் ஜெர்மனி மூன்று வினாடி மிச்சம் இருக்கும்போது போட்டது. 2018 ஜகார்த்தாவில் மலேசியா ஆட்டம் முடியும் தறுவாயில் சமன் செய்து, ஷூட்-அவுட்டில் நம்மை வீட்டுக்கு அனுப்பியது. இத்தனை நடந்த பிறகு ரசிகனைப் பதறாதே என்று சொல்ல முடியுமா? முடியாது. கோபம் நியாயம், விலாசம்தான் தப்பு. முன்னிலையில் இருக்கும்போது கடைசி ஐந்து நிமிடம் பதினோரு பேரும் பின்னால் வந்து குவிந்து கொள்வது, ஃபார்வர்டு பந்தை மூலையில் வைத்துக் காலம் கடத்தாமல் கொடுத்துவிடுவது, இவையெல்லாம் பயிற்சியாளர் மேஜையில் வைக்க வேண்டிய புகார்கள். கடைசியாகக் குச்சியை நீட்டினவன் சட்டையைப் பிடிப்பதால் வியாதி தீராது. சிட்னியில் வீணாக்கிய வாய்ப்புகள் என்ன கொஞ்சமா?

கொடுமையின் உச்சம் என்றால் 1982. டெல்லி ஆசியப் போட்டி இறுதி, பாகிஸ்தானிடம் 1-7. கோல்கீப்பர் மீர் ரஞ்சன் நெகி. தோல்வி என்றுகூட விடவில்லை, காசு வாங்கிவிட்டான் என்றார்கள், துரோகி என்றார்கள். ஏழு பந்தும் அவரிடம் வந்து சேருவதற்கு முன்னால் பத்து பேரைத் தாண்டித்தான் வந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை. பிறகு 1998 பாங்காக்கில் தன்ராஜ் தலைமையில் தங்கம் வென்றபோது அணியின் கோல்கீப்பிங் பயிற்சியாளராக அவர் இருந்தார். பதினாறு வருடம்! 2007-இல் வந்த 'சக் தே இந்தியா' படத்துக்கு அவர் கதை ஒரு தூண்டுதல். நாம் எல்லோரும் கைதட்டிப் பார்த்தோம். ஆனால் கவனித்தீர்களா, படத்தில் ஷாருக் கான் கோல்கீப்பர் இல்லை. பெனால்டி ஸ்ட்ரோக்கைத் தவறவிடும் ஃபார்வர்டு. நம் பரிதாபத்தைச் சம்பாதிக்கக்கூட ஒருவன் முன்வரிசைக்காரனாக இருந்தால்தான் படம் ஓடும் போலிருக்கிறது.

இதெல்லாம் பெரிய ஆட்டக்காரர்கள், சம்பளம் வாங்குகிறார்கள், விருது வாங்குகிறார்கள், நாலு திட்டு வாங்கினால் குறைந்தா போய்விடுவார்கள் என்று கேட்கலாம். அவர்கள் தாங்கிக் கொள்வார்கள். என் கவலை வேறு.

என் மகள் எட்டாம் வகுப்பு. பள்ளி அணியில் லெஃப்ட் பேக். கோவில்பட்டி ரத்தம், ரூர்கேலா தண்ணி, ஆடாமல் இருப்பாளா! போன குளிர்காலத்தில் ஒரு பள்ளிகளுக்கிடையேயான ஆட்டம், 1-2 என்று தோற்றார்கள். திரும்பி வரும்போது வேனில் இன்னொரு பெண்ணின் அப்பா, நல்ல மனிதர், விளையாட்டாகத்தான் சொன்னார்: "ரெண்டும் உன் பக்கத்துல இருந்துதானே பாப்பா வந்துச்சு?" இவள் சிரித்து வைத்தாள். ராத்திரி தட்டில் சாதத்தைப் பிசைந்து கொண்டே கேட்டாள், "அப்பா, நான் ஃபார்வர்டுக்கு மாறிக்கட்டுமா?"

அந்த ஆட்டத்தை நான் முழுக்கப் பார்த்தேன். எதிரணியின் வேகமான பெண்ணை வேண்டுமென்றே இவள் பக்கமாக அனுப்பிக் கொண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு தடவை வந்திருப்பாள். இரண்டு தடவை தாண்டினாள். தாண்டாத தடவைகளில் அவள் பந்தை இழந்து திரும்பி ஓடினதை, வேனில் இருந்த யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. நல்ல டிஃபென்டரிடம்தான் எதிரணியின் நல்ல ஃபார்வர்டு வருவாள், அதனால்தான் அவள் பக்கத்தில் கோலும் விழும். ஹர்மன்பிரீத்துக்கு நடந்ததும் இதுதான். அணியில் அதிக நேரம் மைதானத்தில் நிற்பவர், எதிரணியின் தலைசிறந்த ஆட்களை எதிர்கொள்பவர், எந்தக் கோல் விழுந்தாலும் படத்தில் எங்காவது இருக்கத்தான் செய்வார். மூன்றாம் தர டிஃபென்டரைப் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள், அவர் பெயர் எந்தக் கோலிலும் வராது.

பள்ளிப் பயிற்சியாளர் இந்த ஊர்க்காரர். அவரிடம் மகள் கேட்டதைச் சொன்னேன். "இவ மட்டும் இல்ல சார். கிராமத்துல இருந்து வர்ற பிள்ளைங்க எங்க நிறுத்தினாலும் நிப்பாங்க. இப்ப டவுன் பிள்ளைங்க எல்லாருக்கும் கோல் போடணும். பேக்ல நிக்கச் சொன்னா அப்பா அம்மா வந்து நிக்கறாங்க" என்றார். வந்து நின்றவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்!

பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து நாம் யாரைத் திட்டுகிறோம், யாருக்குக் கைதட்டுகிறோம் என்று பார்த்துக் கொண்டுதான் இருக்கிறார்கள். ஊர் விட்டு ஊர் வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகம். வகுப்பில் மொழி வேறு, சாப்பாட்டு டப்பா வேறு, அதில் தோற்றதற்கும் நான்தான் காரணம் என்ற பட்டம் எதற்கு என்று அந்தக் குழந்தை நினைத்தால் அதில் என்ன தப்பு?

மகளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். மாறிக்கோ என்றும் சொல்லவில்லை, மாறாதே என்றும் சொல்லவில்லை. 1975 கோலாலம்பூர் கதையைச் சொன்னேன். அரையிறுதியில் மலேசியாவிடம் பின்தங்கி, ஆட்டம் முடிய சில நிமிடமே இருக்கும்போது, பெஞ்சில் இருந்த அஸ்லம் ஷேர் கானை உள்ளே அனுப்பினார்கள். கழுத்தில் இருந்த தாயத்தை முத்தமிட்டுவிட்டு பெனால்டி கார்னரை அடித்தார், கோல். அதற்குப் பிறகுதான் இறுதி ஆட்டம், பாகிஸ்தானை 2-1. நாம் இதுவரை வாங்கிய ஒரே உலகக் கோப்பை. இறுதியில் முதல் கோல் சுர்ஜித் சிங். அஸ்லமும் ஃபுல்பேக், சுர்ஜித்தும் ஃபுல்பேக். "அப்ப ஃபார்வர்டு எல்லாம் என்னப்பா பண்ணாங்க?" என்று கேட்டாள். இரண்டாவது கோல் தயான்சந்த் மகன் அசோக் குமார் போட்டார் என்று நியாயமாக அதையும் சொல்லித் தொலைத்தேன். இந்த மாதம் வரை லெஃப்ட் பேக்காகத்தான் ஆடுகிறாள். அடுத்த மாதம் அவள் இஷ்டம்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு விளையாட்டு விளையாடுகிறோம், நீங்களும் செய்து பாருங்கள். இந்தியா ஆடும்போது ஒரு கால்பகுதி, பதினைந்தே நிமிடம், பந்தைப் பார்க்கக் கூடாது. ஒரு டிஃபென்டரை மட்டும் பார்க்க வேண்டும். டிவியில் பாதி நேரம் அவர் படத்திலேயே இருக்க மாட்டார் என்பது ஒரு தொல்லை, அதனால் ஸ்டேடியம் என்றால் உத்தமம். அவர் எத்தனை முறை கையைக் காட்டி யாரையோ நகர்த்துகிறார், எத்தனை முறை பந்து வராத இடத்துக்கு ஓடுகிறார், எத்தனை முறை ஓடி முடித்து ஒன்றும் நடக்காமல் திரும்பி நடக்கிறார் என்று எண்ண வேண்டும். சேலத்து நண்பரையும் ஒருநாள் இதில் உட்கார வைத்தோம். ஒன்பதாவது நிமிடம் வரை ஒழுங்காக எண்ணினார். பத்தாவது நிமிடம் எதிரணி ஒரு கோல் போட்டது. மனிதர் சோபாவிலிருந்து எழுந்து, "நம்ம ஆள் மேல தப்பில்ல சார், அந்த மிட்ஃபீல்டர் எங்க போய்த் தொலைஞ்சான்?" என்றார்.